எந்த வரியில் நின்றாய்?

(செராஸில் பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியலிலும் கணிதத்திலும் வீட்டுப்பாடத்துக்கு உதவி கேட்டு வரும் பிள்ளைக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பொதுவாகப் பேசினால் எல்லாரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அதனால் ஒரு கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு பேசுகிறேன். இரண்டாம் படிவக் கணக்கு. ஒரு பேருந்து 90 கிலோமீட்டர் தூரத்தை 1 மணி 30 நிமிடத்தில் கடக்கிறது. அதன் சராசரி வேகம் என்ன?

பிள்ளைகளில் பலர் இதற்கு 69.23 என்று எழுதிக் கொண்டுவருவார்கள். சரியான விடை மணிக்கு 60 கிலோமீட்டர். நோட்டைப் பார்க்கும் பெரியவர் "தப்பு, அறுபது வரணும்" என்பார். இன்னும் கொஞ்சம் பொறுமையுள்ளவர், "தூரத்தை நேரத்தால் வகுக்கணும்னு எத்தனை தடவை சொல்றது?" என்பார். அந்தப் பிள்ளை தூரத்தை நேரத்தால்தான் வகுத்திருக்கிறாள். சூத்திரம் சரி, வகுத்தலும் சரி. 90-ஐ 1.30-ஆல் வகுத்திருக்கிறாள், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எந்த வரியில உனக்குச் சந்தேகம் வந்துச்சு?"

அப்படிக் கேட்டால் பேச்சு இப்படிப் போகும்.

"சந்தேகமே வரல டீச்சர். ஆனா பின்னாடி இருக்கற விடையில அறுபதுன்னு போட்டிருக்கு."

"இந்த ஒன்னு புள்ளி முப்பது எப்படிம்மா வந்துச்சு?"

"ஒரு மணி முப்பது நிமிஷம், டீச்சர்."

"ஒரு மணி நேரத்துக்கு எத்தனை நிமிஷம்?"

"அறுபது."

"முப்பது நிமிஷம் அதுல எவ்வளவு?"

"பாதி." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப ஒன்னரை. ஒன்னு புள்ளி அஞ்சு!"

அவ்வளவுதான். மூன்று நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் என்ன தெரிந்தது பாருங்கள். பிள்ளை கொண்டுவந்தது இரண்டாம் படிவத்து வேகப் பாடம். அவள் நின்றுபோயிருந்த இடம் தொடக்கப்பள்ளியில் படித்த நேரமும் தசமமும். மணிக்கு அறுபது நிமிடம் என்று அவளுக்குத் தெரியும், தசமப் புள்ளி பத்தின் கணக்கில் ஓடுகிறது என்றும் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. இதைச் சரிசெய்யாமல் விட்டால் நான்காம் படிவத்து இயற்பியலில் முடுக்கம் வரும்போது அதே பிழை வேறு உருவத்தில் வந்து நிற்கும். அப்போது "இவளுக்கு இயற்பியல் வராது" என்று நாமே முடிவுகட்டிவிடுவோம். கணிதத்தில் பின்தங்கியவர்கள் என்று நாம் ஒதுக்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி ஒரே ஓர் இடத்தில் நின்றுபோனவர்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அறிவியலில் இது இன்னும் மறைவாக நடக்கும். ஒளிச்சேர்க்கை பற்றிய வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரிவளி, நீர், சூரிய ஒளி, பச்சையம், கிடைப்பது மாவுச்சத்தும் உயிர்வளியும். பிள்ளை பிழையில்லாமல் எழுதிவிடுவான், முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அவனிடமே, "உங்க பிளாட்டுக்குக் கீழே நிக்கிற அந்தப் பெரிய மரத்தோட எடை முழுக்க எங்கேருந்து வந்துச்சுய்யா?" என்று கேட்டுப் பாருங்கள். "மண்ணுலேருந்து" என்பான். பிரஸ்ஸல்ஸ் நகரத்து வான் ஹெல்மோன்ட் இதைத்தான் சோதித்தார். உலர்த்தி நிறுத்த 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். 1648-இல் அச்சான நூலில் இது இருக்கிறது. எடை முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தார். காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரிவளியும் அதில் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. நம் பையன் எழுதிய சமன்பாட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. அதைத் தான் எழுதியிருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. விடை சரியாக இருப்பதாலேயே யாரும் அவனைக் கேட்பதில்லை, அவனும் யாரையும் கேட்பதில்லை.

இனி, பிள்ளை யாரிடம் கேட்பான் என்று பார்ப்போம். இந்தப் பக்கத்து நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. தேசா துன் ரசாக் போன்ற பிபிஆர் அடுக்குமாடி வீடு ஒன்று ஏறக்குறைய 700 சதுர அடி. மூன்று அறை, ஐந்தாறு பேர், ஒரே தொலைக்காட்சி. சாப்பாட்டு மேசை இருந்தால் அதுதான் படிக்கும் மேசையும். அப்பா லோரி ஓட்டிவிட்டு வர இரவாகிவிடும். புதன்கிழமை என்றால் அம்மா தாமான் கோனாட் இரவுச் சந்தையில் நிற்பார். படிவம் ஒன்றிலும் இரண்டிலும் இருக்கும் பிள்ளைகள் பலருக்குப் பிற்பகல் பள்ளி. பள்ளி விட்டு வீடு சேரும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. அவர்களுக்கு ஓய்வு கிடைப்பது காலை நேரத்தில், அப்போது வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. இதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

டியூஷன் இருக்கிறதே என்பீர்கள். கடைவீட்டு மேல்மாடியில் நடக்கும் வகுப்புகளைக் குறைசொல்ல வரவில்லை, பல பிள்ளைகளை அவை கரைசேர்த்திருக்கின்றன. ஆனால் அங்கே ஆசிரியருக்கென்று ஒரு பாடவரிசை உண்டு, முப்பது பிள்ளைகள் உண்டு. நேற்று பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடத்தில் மூன்றாவது கேள்வியில் ஒரு பிள்ளை எங்கே நின்றாள் என்று பார்க்க அங்கே நேரம் கிடைக்காது. பணம் கட்ட முடியாதவர்களுக்கு அதுவும் இல்லை.

வீட்டில் அக்கா அண்ணன் இருந்தால் அவர்களைக் கேட்கலாம். ஆனால் நம் நாட்டில் ஒரே வீட்டுக்குள் அக்காவும் தம்பியும் கணிதத்தை வெவ்வேறு மொழியில் படித்தவர்களாக இருக்கிறார்கள். 2003-இல் அரசாங்கம் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியது. தமிழ்ப்பள்ளியிலும் அப்படித்தான். 2009 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அப்போதைய கல்வியமைச்சர் முகைதீன் யாசின் அறிவித்தார். 2011-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் மீண்டும் தமிழில் படித்தார்கள். 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது, விரும்பிய பள்ளிகள் மறுபடி ஆங்கிலத்துக்குப் போகலாம் என்று. அப்படியானால் 1998-இல் பிறந்த அக்கா தொடக்கப்பள்ளி முழுவதும் ஆங்கிலத்தில் படித்தவள். 2004-இல் பிறந்த தம்பி ஆறாண்டு தமிழில் படித்துவிட்டு, 2017-இல் படிவம் ஒன்றில் மலாய்ப் பாடநூலைத் திறந்தவன். அக்காவுக்குக் கணக்குத் தெரியும், சொல்லிக் கொடுக்க மனமும் உண்டு. ஆனால் அவள் பேசுவது தம்பியின் புத்தகத்தில் இல்லை. எந்த மொழியில் கற்பிக்க வேண்டும் என்பது பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. தொடக்கப்பள்ளியில் தாய்மொழியில்தான் இருக்க வேண்டும் என்பவள் நான். ஆனாலும் இந்த மேடையில் அந்த விவாதத்துக்குள் போகவில்லை. நமக்குள் மொழிச் சண்டை நடந்துகொண்டிருந்த அத்தனை ஆண்டுகளிலும் பிள்ளைகள் மாலையில் தனியாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

தனியாக உட்கார்ந்ததன் விளைவு நாட்டளவிலும் தெரிகிறது. டிம்ஸ் என்ற அனைத்துலக ஆய்வில் நம் இரண்டாம் படிவ மாணவர்கள் 1999-இல் கணிதத்தில் 519 புள்ளி எடுத்தார்கள். அனைத்துலக நடுப்புள்ளி 500. 2011-இல் 440, 2023-இல் 411. இந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல, வீட்டுப்பாடம் ஒன்றையே பழிசொல்ல மாட்டேன். பெருந்தொற்றுக் காலமும் அதில் சேர்ந்திருக்கிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின் கல்வியமைச்சு எடுத்த கணக்கில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இருக்கவில்லை. அப்போது தொடக்கப்பள்ளியில் பின்னம் படித்திருக்க வேண்டிய பிள்ளைகள்தான் பிறகு படிவம் ஒன்றிலும் இரண்டிலும் அமர்ந்தார்கள்.

அன்று கைப்பேசி இல்லாதது சிக்கல். இன்று கைப்பேசியே வாத்தியார். கேள்வியைப் படம் பிடித்தால் போதும், போட்டோமேத் செயலி படிப்படியாக விடை எழுதிக்காட்டுகிறது. சாட்ஜிபிடி தமிழிலும் விளக்குகிறது. வகுப்பின் புலனக் குழுவில் இரவு பத்து மணிக்கு ஒருவர் விடையைப் போட்டால் மறுநாள் காலை முப்பது நோட்டில் அதே கையெழுத்து நடை. நான் இந்தக் கருவிகளுக்கு எதிரி இல்லை. கேட்க யாருமே இல்லாத பிள்ளைக்கு அது ஒரு துணை. ஆனால் துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டவுடன் விடை தரும் செயற்கை நுண்ணறிவோடு கணிதப் பயிற்சி செய்தவர்கள், பயிற்சியில் மற்றவர்களைவிட 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக வாங்கினார்கள். மூன்றாவது ஒரு குழு இருந்தது. அவர்களுக்கு அதே கருவி விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுத்தது. அவர்களுக்கு அந்தப் பாதிப்பு பெரும்பாலும் வரவில்லை. ஆக, பேருந்துக் கணக்கில் 60 என்று சொல்லிவிட்டுப் போகிற அப்பாவும், 60 என்று காட்டுகிற செயலியும் பிள்ளைக்குச் செய்வது ஒன்றுதான். 1.30 இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இப்போது நான் சொல்லப்போவது அமெரிக்காவில் நடந்தது. ஆனால் நம் வீட்டுக் கதைபோலவே இருக்கும், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 1970-களில் பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற இளம் கணித ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். கறுப்பின மாணவர்கள் பலர் முதலாண்டு நுண்கணிதத்தில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டால், ஆர்வம் இல்லை, அடிப்படை இல்லை, வீட்டில் ஊக்கம் இல்லை என்றார்கள். நம் கூட்டங்களில் நாம் பேசுகிற அதே வசனங்கள். டிரைஸ்மன் அந்த வசனங்களை நம்பவில்லை. இரு தரப்பிலும் இருபது இருபது மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தார்.

ஆர்வம் குறைவில்லை. குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்காக உயிரைக் கொடுத்தன. கறுப்பின மாணவர்கள் வாரத்துக்கு எட்டு மணி நேரம் நுண்கணிதம் படித்தார்கள். சொல்லப்பட்ட அளவு அதுதான், ஒழுங்காகப் படித்தார்கள், ஆனால் தனியாகப் படித்தார்கள். சீன மாணவர்கள் தனியாகப் படித்ததற்கு மேலே மாலையில் ஒன்றுகூடி, சேர்ந்து சாப்பிட்டு, ஒருவர் கணக்கை மற்றவர் பார்த்து, எல்லாருக்கும் வராத கணக்கு எது என்று கண்டுபிடித்தார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால் அது கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தனியாக உட்கார்ந்தவனுக்கு அது தெரிய வழியில்லை. தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொள்வான். கல்லூரி உதவி வகுப்பு வைத்திருந்தது, அவன் அங்கே போகவில்லை. அங்கே போவது தோற்றவன் என்று ஒத்துக்கொள்வதாகப் பட்டது.

டிரைஸ்மன் செய்ததைக் கவனியுங்கள். 1978-இல் அவர் ஆரம்பித்த பயிலரங்கத்துக்கு "பின்தங்கியோர் வகுப்பு" என்று பெயர் வைக்கவில்லை. திறமையாளருக்கான அரங்கு என்றே அழைத்தார். வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து போராடச் சொன்னார். வந்தவர்களின் மதிப்பெண் ஏறியது. நம் பள்ளிகளிலும் சங்கங்களிலும் நல்லெண்ணத்தோடு நடத்தும் மாலை வகுப்புகளுக்குக் "கடைநிலை மாணவர்" என்றெல்லாம் பெயர் வைக்கிறோமே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நடந்துவர மாட்டாள்.

நம்மவர்கள் இதில் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொன்னால் அது பெரிய அநியாயம். 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நாடு முழுக்க வார இறுதி வகுப்புகள் நடத்தி, தோட்டப்புறத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. பத்துமலையில் அவர்கள் நடத்தும் கல்வி யாத்திரையில் நடந்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். அந்த இயக்கம் எஸ்.பி.எம். தேர்வை நோக்கிப் பிள்ளையை உந்தியது. வார இறுதிக்கு நமக்கு வழி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மூன்றாவது கேள்வியில் நிற்கும் பிள்ளைக்குத்தான் வழி இல்லை.

பெற்றோர்களே, உங்களில் சிலர் என்னிடம் வந்து, "டீச்சர், நான் ஆறாம் வகுப்போட நின்னவ, எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்கிறீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள், எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பேருந்துக் கணக்கை ஒரு லோரி ஓட்டுநரிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் தொண்ணூறு கிலோமீட்டர் என்றால் அறுபதில் ஓட்டியிருக்கிறான் என்று பேனாவே எடுக்காமல் சொல்வார். பசாரில் காய் விற்கும் அம்மாவுக்கு முக்கால் கிலோவின் விலையைப் போட எந்தப் பின்னப் பாடமும் தேவையில்லை. பிள்ளையின் நோட்டில் இருப்பதை உங்களால் படிக்க முடியாமல் போகலாம். "இதை எனக்குச் சொல்லிக் கொடு, எந்த இடத்துல உனக்கு நிக்குதுன்னு காட்டு" என்று கேட்க உங்களால் முடியும். சொல்லிக் கொடுக்கும்போதே பாதிப் பிள்ளைகள் தங்கள் பிழையைத் தாங்களே பார்த்துவிடுகிறார்கள். ஹங்கேரியில் பிறந்த கணிதமேதை ஜார்ஜ் போல்யா 1945-இல் எழுதிய புத்தகம் முழுக்க இந்த மாதிரிக் கேள்விகள்தான்: கேட்கப்பட்டது என்ன, கொடுக்கப்பட்டது என்ன, இதே மாதிரிக் கணக்கை முன்பு பார்த்திருக்கிறாயா? இவற்றில் எதைக் கேட்கவும் பட்டம் வேண்டாம்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று. "எனக்கு ஒன்னும் புரியல" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. "இந்த வரி வரைக்கும் வந்தேன், அடுத்தது தெரியல" என்று சொல்லுங்கள். அதைச் சொல்வதற்காகவாவது முதல் வரியை எழுதிவிட்டு வாருங்கள். தப்பாக இருந்தாலும் எழுதுங்கள். அழிக்காதீர்கள்.

இனி வேலையைப் பேசுவோம். இந்த வட்டாரத்தில் ஒரு வீட்டுப்பாட மேசை வேண்டும் என்பது என் வேண்டுகோள். கோயில் மண்டபமோ, அடுக்குமாடியின் குடியிருப்போர் சங்க அறையோ, எங்கே விளக்கும் விசிறியும் நாற்காலியும் இருக்கிறதோ அங்கே. பாடம் நடத்த வேண்டாம், கரும்பலகை வேண்டாம். பிள்ளைகள் பள்ளியில் கொடுத்ததைக் கொண்டுவந்து சேர்ந்து உட்கார்ந்து செய்வார்கள். முதலில் பக்கத்துப் பிள்ளையைக் கேட்பார்கள். இருவருக்கும் வராவிட்டால் பெரியவரைக் கேட்பார்கள். பெரியவர் பிள்ளையின் நோட்டில் எழுதக் கூடாது, பென்சில் பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். மேசையில் அழிப்பான் வைக்காதீர்கள். தப்பாகப் போட்ட வரிதான் நமக்கு வழிகாட்டும், அதை அழித்துவிட்டால் எங்கே நின்றாள் என்று தெரியாது. கைப்பேசி இருக்கட்டும், கடைசியில் விடையைச் சரிபார்க்க மட்டும் பயன்படட்டும்.

காலை நேரத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பிற்பகல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை ஒன்பது மணியிலிருந்து பதினோரு மணிவரை ஒரு மேசை போடலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாதியர், அரசு ஊழியர்கள் எத்தனை பேர் இந்தப் பக்கம் காலையில் நடைப்பயிற்சி முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறோம்! மாலை மேசைக்குக் கல்லூரி மாணவர்கள் வேண்டும். படிவம் நான்கில் இருப்பவர்கள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உதவலாம். அது அவர்களுடைய பின்னத்தையும் தசமத்தையும் சேர்த்தே சரிசெய்யும். கூடுதல் கணிதத்தில் ஏ எடுத்தவர்கள்தான் வர வேண்டும் என்று நினைக்காதீர்கள். சி எடுத்தவர்கள் கட்டாயம் வாருங்கள். எங்கெங்கே நிற்கும் என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

வாசலில் செயலாளரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பெயர், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வர முடியும், தமிழ் மலாய் ஆங்கிலம் மூன்றில் எதில் விளக்க முடியும், இவற்றை மட்டும் எழுதுங்கள். இடம் தருவதாக இரண்டு பேர் ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் தலைவரைப் பார்த்து, எந்த அறை, சாவி யாரிடம் என்று பேசி முடித்துவிட்டால் வரும் திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம். இப்போது கேள்வி நேரம். பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், முதலில் பிள்ளைகள் கேட்கட்டும். நோட்டோடு வந்திருப்பவர்கள் அப்படியே முன்னால் கொண்டுவாருங்கள்.